கமோடுக்கு அடியில் இருக்கும் வளையம்



நம் பொதுக்குழுக் கூட்டங்களில் பராமரிப்புக் கட்டணத்துக்கும் பார்க்கிங்குக்கும் அடுத்தபடியாக அதிகம் அடிபடும் சொல் ‘லீக்கேஜ்’. மேல்வீட்டு பாத்ரூமில் இருந்து கீழ்வீட்டு சீலிங்குக்கு இறங்கும் ஈரம். யார் பொறுப்பு, யார் செலவு என்று பேச்சு நீளும். ஈரம் அப்படியே இருக்கும். இதற்குக் காரணங்கள் பல உண்டு. டைல்ஸ் இடுக்கு, நஹானி டிராப், சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் யார் கண்ணுக்கும் படாத ஒரு காரணம் கமோடுக்கு நேர் அடியில் இருக்கிறது. அதன் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

நான் பிளம்பரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கில் வித்தியாசம் வந்தால் அது எந்தப் பக்கத்தில் நுழைந்தது என்று பின்னோக்கித் தேடுவது எங்கள் தொழில். அதே பழக்கத்தில் இந்தக் கழிவுக் குழாயையும் பின்னோக்கித் தேடிப் பார்த்தேன். நான்காயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் போகிறது அந்தத் தேடல்.

அது என்ன வளையம்?

தரையில் நிற்கும் கமோடில் கழிவு வெளியேறும் வாய் இரண்டு விதமாக இருக்கும். பின்பக்கமாகச் சுவரை நோக்கிப் போனால் பி-டிராப். நேராகத் தரைக்குள் இறங்கினால் எஸ்-டிராப். எஸ்-டிராப் கமோடு உட்காரும் இடத்தில், தரையில் இருந்து எட்டிப் பார்க்கும் 110 மி.மீ. பிளாஸ்டிக் குழாயின் வாயில் ஒரு தட்டையான வளையத்தைப் பொருத்துவது முறை. அதுதான் ஃபிளாஞ்ச். அதைக் குழாயோடு பசை போட்டு ஒட்டி, தரையோடு திருகி, மேலே மெழுகு வளையமோ ரப்பர் வளையமோ வைத்து, அதன் மேல் கமோடை உட்கார வைப்பார்கள். பி-டிராப் கமோடில் இதே வேலையை ரப்பர் விளிம்பு வைத்த கனெக்டர் செய்கிறது.

பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். பீங்கானையும் குழாயையும் நீரும் கசியாமல், காற்றும் கசியாமல் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். இதில் ஒரு விரிசல் விழுந்தால் ஒவ்வொரு முறை ஃபிளஷ் செய்யும்போதும் கொஞ்சம் கழிவுநீர் தரைக்கு அடியில் போகும். மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கீழே இருப்பவருக்குத்தான் சில மாதம் கழித்துத் தெரியும்.

மொகஞ்சதாரோவும் கீழடியும்

மொகஞ்சதாரோவில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்கு வீடு குளிக்கும் இடமும், தெரு ஓரத்தில் செங்கல் பதித்த மூடிய சாக்கடையும் இருந்தன என்று பள்ளியில் படித்திருப்போம். பாடப் புத்தகத்தில் அதிகம் வராத செய்தி ஒன்று உண்டு. அங்கே கழிவுநீரை இறக்குவதற்குச் சுடுமண் குழாய்களையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒன்றின் வாயில் இன்னொன்று நுழைந்து உட்காரும்படி செய்த குழாய்கள். இன்று ஹார்டுவேர் கடையில் ‘சாக்கெட்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த யோசனைதான். நம் பக்கத்தில் கீழடி அகழாய்விலும் இப்படி ஒன்றோடு ஒன்று பொருந்திய சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன.

குழாயைச் செய்வது பெரிய வித்தை இல்லை; குயவர் சக்கரம் இருந்தால் போதும். இரண்டு குழாய்களை ஒழுகாமல் சேர்ப்பதுதான் வித்தை. நீர் ஓடும் திசையில் குறுகிய முனை அகன்ற முனைக்குள் போக வேண்டும். எதிராக வைத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் நீர் வெளியே வழியும். இன்று நம் ஷாஃப்டில் குழாய் மாட்டும் பையனும் அதே விதியைத்தான் பின்பற்றுகிறான்.

கடிகாரக்காரர் கொடுத்த வளைவு

கழிவு இறங்க வழி இருந்தால், நாற்றம் ஏறவும் அதே வழி உண்டு. இந்தச் சிக்கலுக்கு விடை கிடைக்க வெகுகாலம் ஆயிற்று.

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணியின் ஞானமகனான ஜான் ஹாரிங்டன், நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை ஒன்றை அமைத்து, அதைப் பற்றி 1596-இல் ஒரு கேலிப் புத்தகமும் எழுதினார். தொட்டி இருந்தது, வால்வு இருந்தது. நாற்றத்தைத் தடுக்கும் வளைவு இல்லை. அது பரவலாகவும் இல்லை.

அந்த வளைவைத் தந்தவர் லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1775-இல் அவர் பெற்ற காப்புரிமையில், கழிப்பறைக்கு அடியில் குழாயை எஸ் எழுத்துப் போல வளைத்து, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும்படி செய்தார். நிற்கும் நீர் கதவாகிவிடுகிறது. கழிவு அதைத் தள்ளிக்கொண்டு போகும். காற்று அதைத் தாண்டி வர முடியாது. மூன்று ஆண்டுகள் கழித்து 1778-இல் ஜோசப் பிராமா என்பவர் வால்வை மேம்படுத்தித் தனிக் காப்புரிமை பெற்றார். ஃபிளஷ் டாய்லெட்டைக் கண்டுபிடித்தவர் தாமஸ் கிராப்பர் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். கிராப்பர் பிறந்ததே 1836-இல். அவர் நல்ல பிளம்பர், நல்ல வியாபாரி.

இன்று நம் வீட்டு டிராப்பில் நிற்க வேண்டிய நீரின் ஆழம் பொதுவாக 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலம். சாக்கடைக்கும் நமக்கும் நடுவே இருப்பது அந்த இரண்டு அங்குல நீர்தான். ஆனால் நீர்க் கதவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதற்கு அப்புறம் இருக்கும் இணைப்பு உடைந்திருந்தால் பயனில்லை. வாசல் கதவைப் பூட்டிவிட்டுச் சுவரில் ஓட்டை விட்ட கதைதான். எஸ்-டிராப் கமோடில் டிராப் கமோடுக்குள்ளேயே இருக்கிறது. ஃபிளாஞ்ச் அதற்குக் கீழே இருக்கிறது. ஆகவே ஃபிளாஞ்ச் உடைந்தால் சாக்கடைக் காற்று கமோடுக்குள் வராமல், கமோடின் அடி ஓரமாக வீட்டுக்குள் வரும். எவ்வளவு ஃபினாயில் ஊற்றினாலும் போகாத நாற்றத்துக்குக் காரணம் பல வீடுகளில் இதுதான்.

ஒரு செங்கல் தொட்டியின் விரிசல்

கழிவறை வசதி வந்ததால் லண்டன் சுத்தமாகவில்லை. வீடுகளுக்கு அடியில் இருந்த செங்கல் தொட்டிகள் நிரம்பின. 1854 ஆகஸ்ட் கடைசியில் சோஹோ பகுதியில் பிராடு தெருவைச் சுற்றி காலரா வெடித்தது. சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நோய் தெருக் குழாயடித் தண்ணீரில் இருந்து வருகிறது என்று டாக்டர் ஜான் ஸ்னோ வாதிட்டு, செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தக் கைப்பம்பின் பிடியைக் கழற்ற வைத்தார். இது பலருக்கும் தெரிந்த கதை.

தண்ணீர் எப்படிக் கெட்டது என்பது பலருக்குத் தெரியாத பாதி. அந்த வட்டாரத்தின் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட் வீடு வீடாக விசாரித்தார். பிராடு தெரு 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்திருந்தது. குழந்தையின் துணிகளை அலசிய நீரை, அதன் தாய் வீட்டு முன்பிருந்த கழிவுத் தொட்டியில் ஊற்றியிருந்தார். 1855-இல் தோண்டிப் பார்த்தபோது, தொட்டியின் செங்கற்கள் பிடிப்பு விட்டுத் தளர்ந்திருந்தன. தொட்டிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே மூன்று அடிகூட இடைவெளி இல்லை.

அந்தத் தாய் செய்ததில் தவறு ஒன்றுமில்லை. தொட்டி கட்டியவரும் கட்டியபோது சரியாகத்தான் கட்டியிருக்கலாம். மண்ணுக்குள் மறைந்திருந்த ஒரு பூச்சு தேய்ந்துபோனது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், பல வருடமாக ஆடிட் நடக்காத கணக்கு.

1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிப்போய், நதிக்கரையில் இருந்த பாராளுமன்றமே மூக்கைப் பொத்திக்கொண்டது. அதன் பிறகுதான் ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளரின் பெரும் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் வந்தது. தெருவுக்கு அடியில் வேலை முடிந்தது. வீட்டுக்குள் இருந்த இணைப்புகள் மட்டும் பாக்கி இருந்தன.

பெப்பர்மின்ட் வாசனைச் சோதனை

1871-இல் இங்கிலாந்து இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரானவர், ஸ்கார்பரோ என்ற ஊரில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கிவிட்டு வந்து டைஃபாய்டில் படுத்தார். அவர் பிழைத்தார். அதே மாளிகையில் தங்கிய செஸ்டர்ஃபீல்டு பிரபுவும், இளவரசரின் குதிரைக்காரர் ஒருவரும் இறந்தார்கள். வீட்டுக் கழிவுக் குழாய்மீது சந்தேகம் விழுந்தது. பணக்காரர் வீடென்று குழாய் பார்ப்பதில்லை என்று அன்றைக்கு ஊருக்கே புரிந்தது.

அதன் பிறகு வீட்டுக் குழாய் என்பது பெரிய விவகாரமாயிற்று. லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் டி. பிரிட்ஜின் டீல், வீட்டுக் கழிவுக் குழாய்களில் என்னென்ன பழுதுகள் வரும் என்பதைப் படம் படமாக வரைந்து 1878-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மருத்துவர் ஒருவர் பிளம்பிங் புத்தகம் போடுகிறார் என்றால் நிலைமையைப் பாருங்கள்.

அந்தக் காலத்துச் சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கூரை மேலிருக்கும் காற்றுக் குழாயின் வழியாகப் பெப்பர்மின்ட் எண்ணெயையும் வெந்நீரையும் ஊற்றுவார்கள். வீட்டுக்குள் இன்னொருவர் அறை அறையாக மோப்பம் பிடித்துக்கொண்டு போவார். எங்கே பெப்பர்மின்ட் மணக்கிறதோ அங்கே இணைப்பு உடைந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றியவர் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. அவர் உடம்பிலேயே மணம் ஒட்டியிருக்கும். பிறகு புகை செலுத்திப் பார்க்கும் சோதனையும் வந்தது. புகைச் சோதனை இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

சாக்கடைக் காற்றை மூச்சில் இழுப்பதாலேயே டைஃபாய்டு வருகிறது என்று அவர்கள் நம்பினார்கள். அது தவறு. கிருமியே காரணம் என்பது பின்னர் நிலைபெற்றது. ஆனாலும் தவறான காரணத்துக்காக அவர்கள் செய்த வேலை சரியான வேலை. காற்றே போகாத இணைப்பில் கழிவுநீரும் போகாது அல்லவா?

பீங்கானும் ஈயமும் சந்தித்த இடம்

1880-களில் இன்றைய உருவத்தில், ஒரே துண்டாக வார்த்த பீங்கான் கமோடுகள் வந்தன. அதுவரை மரப்பெட்டிக்குள் ஒளிந்திருந்த சாமான் வெளியே வந்தது. துடைக்க எளிது, பார்க்க அழகு. ஆனால் பழைய தலைவலி புதிய வடிவில் வந்தது. மேலே பீங்கான், கீழே ஈயக் குழாய். பீங்கான் வளையாது, உடையும். ஈயம் உடையாது, வளையும். இரண்டையும் புட்டியால் ஒட்டினால், ஆள் உட்கார்ந்து எழும் ஆட்டத்தில் சில நாளில் விட்டுப்போகும்.

இதற்குத் தீர்வாகத்தான் ஃபிளாஞ்ச் வந்தது. ஈயக் குழாயின் வாயில் பித்தளை வளையத்தைப் பற்றவைத்து, அதைத் தரையோடு இறுக்கி, கமோடைப் போல்ட் போட்டு அதன்மேல் உட்கார வைத்தார்கள். நடுவில் புட்டியும், பிற்காலத்தில் மெழுகு வளையமும். அதன் தத்துவம் எளிது. ஆளின் எடையைத் தரை தாங்க வேண்டும். ஆட்டத்தைப் போல்ட் தடுக்க வேண்டும். கசிவை மெழுகு அடைக்க வேண்டும். மூன்று வேலைக்கு மூன்று ஆள். ஒரே ஆள் மூன்றையும் பார்த்தால் என்ன ஆகும் என்பது கிளை அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

ஈயம் போய் வார்ப்பிரும்பு வந்தது. நம் ஊரின் பழைய அடுக்குமாடிகளில் கறுப்பாக நிற்கும் குழாய்கள் அவை. சணல் திணித்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி இணைப்பார்கள். அது நிதானமான ஆளின் வேலை.

அப்புறம் பிளாஸ்டிக். அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ செமன், 1926-இல் பி.வி.சி.யை மென்மையாக்கி உபயோகத்துக்குக் கொண்டுவந்தார். குழாய்க்கு வேண்டியது அந்த மென்மையான ரகம் இல்லை, மென்மையாக்காத ரகம். யு.பி.வி.சி. என்பதில் முதலில் வரும் ‘யு’ அதைத்தான் சொல்கிறது. ஜெர்மனியில் 1930-களிலேயே இந்தக் குழாய்களைப் பதித்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் மேட்டூரில் 1960-களில் பி.வி.சி. ஆலை வந்தது; அதற்கு வெளிநாட்டுக் கூட்டாளியாக இருந்ததும் அதே குட்ரிச் நிறுவனம்தான். கட்டடத்துக்குள் கழிவுக்காகப் பயன்படுத்தும் யு.பி.வி.சி. குழாய்க்கென்று 1992-இல் ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தரம் வந்தது. அதில் ‘டைப் ஏ’ மழைநீருக்கும் காற்றுக்கும். ‘டைப் பி’ மலக்கழிவுக்கும் மற்ற கழிவுநீருக்கும். குழாயின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அடுத்த முறை ஷாஃப்டில் வேலை நடந்தால் எட்டிப் பாருங்கள்.

பிளாஸ்டிக் குழாய் துருப்பிடிக்காது, எடை குறைவு, விலை குறைவு. ஆனால் அதற்கும் குணம் உண்டு. வெயிலில் கிடந்தால் நொறுங்கும். வெப்பத்தில் நீளும்; மூன்று மீட்டர் குழாய் 20 டிகிரி வித்தியாசத்தில் நான்கு மி.மீ. அளவுக்கு நீளும். நீள இடம் விடாமல் சிமெண்ட் போட்டு இறுக்கினால் எங்காவது விரிசல் விடும். அந்த ‘எங்காவது’ பெரும்பாலும் இணைப்பாகத்தான் இருக்கும்.

நம் ஊர்க் கணக்கு

‘கக்கூஸ்’ என்ற சொல் டச்சுக்காரர்கள் விட்டுப்போனது. சொல் வெளிநாட்டில் இருந்து வந்தது. அதன் பாரத்தை நம் ஊரில் யார் சுமந்தார்கள்? நம்மில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ‘எடுப்புக் கக்கூஸ்’ நினைவிருக்கும். வீட்டுக்குப் பின்புறச் சந்து வழியாக வந்து, அடுத்தவர் கழிவைக் கையால் அள்ளித் தலையில் சுமந்து போனார்கள் மனிதர்கள். எந்தச் சாதியைச் சேர்ந்தவர்கள் அதைச் செய்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். இரண்டு அங்குல நீர் நிற்கும் வளைவும், ஒழுகாத இணைப்பும், அந்தச் சுமையை இறக்கி வைத்த கருவிகள். ஆகவே நம் நாட்டில் இந்த வளையத்தைச் சுகாதாரச் சாமானாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

சுமை முழுதாக இறங்கிவிடவும் இல்லை. 1993-இல் ஒரு சட்டம், போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல் முறையே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உயர்த்த வேண்டி வந்தது என்பதே வெட்கக்கேடு. ‘ஆளை விட்டு அடைப்பு எடுக்கச் சொல்லுங்கள்’ என்று யாராவது அலுவலகத்துக்கு ஃபோன் செய்யும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹாங்காங் அடுக்குமாடி சொன்ன பாடம்

2003 மார்ச். ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில் அமோய் கார்டன்ஸ் என்ற குடியிருப்பு. 33 மாடி, மாடிக்கு எட்டு வீடு. சார்ஸ் நோய் கண்ட ஒருவர் அங்கே ‘இ’ பிளாக்கில் இருந்த உறவினர் வீட்டுக்கு வந்து தங்கினார். அவருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது, கழிப்பறையைப் பயன்படுத்தினார். சில நாட்களில் அந்தக் குடியிருப்பில் மட்டும் 300-க்கும் அதிகமானவர்களுக்கு நோய். 42 பேர் இறந்தார்கள். மார்ச் 31-ஆம் தேதி ‘இ’ பிளாக்கைத் தனிமைப்படுத்தி, பிறகு அங்கிருந்தவர்களை முகாம்களுக்கு மாற்றினார்கள்.

ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்களுக்கு நோய் எப்படிப் போனது? விசாரணையில் வெளிவந்த விஷயம் நம் எல்லோருக்கும் பொருந்தும். மேலிருந்து கீழ்வரை ஒரே கழிவுக் குழாய். பாத்ரூம் தரையில் இருந்த டிராப்புகளில் பல காய்ந்து கிடந்தன. அங்கே தரையைத் துடைப்பார்களே தவிர நீர் ஊற்றிக் கழுவுவதில்லை. நீர்க் கதவு இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியபோது, குழாய்க்குள் இருந்த கிருமித் துளிகளை வீட்டுக்குள் இழுத்தது. நான்காம் மாடியில் காற்றுக் குழாயில் ஒரு விரிசலும் கண்டுபிடித்தார்கள்.

நாம் நீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள்தான். ஆனால் நம் குடியிருப்பில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இல்லையா? பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஆறு மாதம் அங்கே. சில வீடுகளில் இரண்டாவது பாத்ரூம் அட்டைப்பெட்டி வைக்கும் இடமாகிவிட்டது. அங்கெல்லாம் டிராப் காய்ந்துதான் இருக்கும். வாரம் ஒரு முறை கமோடிலும் நஹானி டிராப்பிலும் ஒரு வாளி நீர் ஊற்றினால் போதும். ஊருக்குப் போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கும்போது இதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

உடைந்தால் என்ன செய்வது?

இனி நடைமுறைக்கு வருகிறேன். கமோடு லேசாக ஆடுகிறதா? அடி ஓரத்தில் ஈரமோ கறையோ தெரிகிறதா? கழுவியும் போகாத நாற்றமா? கீழ்வீட்டில் பாத்ரூம் சீலிங் கறுக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஃபிளாஞ்ச்மேல் சந்தேகம் வையுங்கள்.

அது உடைவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. ஆடும் கமோடை நிறுத்த போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குவது. தரையோடு திருகாமல் வெறுமனே குழாயில் ஒட்டிவிட்டுப் போவது. மூன்றாவது, நம்மிடம் இப்போது அதிகம் நடப்பது: பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது. தரை உயர்ந்துவிடுகிறது, ஃபிளாஞ்ச் பள்ளத்தில் தங்கிவிடுகிறது, நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியைத்தான் ஒயிட் சிமெண்டால் நிரப்புகிறார்கள்.

ஒயிட் சிமெண்ட் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கியில் அன்றைய கணக்கு நேராகாவிட்டால், வித்தியாசத்தை ‘சஸ்பென்ஸ்’ கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். தாளில் கணக்கு சரியாகிவிடும். வித்தியாசம் எங்கேயும் போயிருக்காது. கமோடின் அடியைச் சுற்றிப் பூசும் ஒயிட் சிமெண்டும் அப்படித்தான். நீர் உங்கள் பக்கம் வராது, அவ்வளவே. போகிற இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

முறையான வேலை இது. ஆங்கிள் காக்கை மூடி, ஃபிளஷ் டேங்கைக் காலி செய்து, கமோடில் நிற்கும் நீரை எடுத்துவிட வேண்டும். போல்ட்டைக் கழற்றிக் கமோடை நேராகத் தூக்க வேண்டும்; இரண்டு ஆள் வேண்டும். குழாய் வாயில் உடனே துணி திணிக்க வேண்டும். காற்றும் வராது, திருகும் உள்ளே விழாது. பழைய ஃபிளாஞ்ச் பசையால் ஒட்டியது என்றால் இழுத்து வராது. குழாய்க்குக் காயம் படாமல் ரம்பத் தகடால் அதைத் துண்டு துண்டாக அறுத்துப் பெயர்க்க வேண்டும். குழாயும் சேர்ந்து உடைந்திருந்தால், உடைந்த பகுதியை வெட்டி, கப்ளர் போட்டுப் புதுத் துண்டு சேர்க்க வேண்டும்.

புது ஃபிளாஞ்சை முதலில் பசையில்லாமல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் விளிம்பு முடிந்த தரையின் மேல் உட்கார வேண்டும்; தரைக்குக் கீழே அல்ல. போல்ட் துளைகள் கமோடின் துளைகளோடு நேராக இருக்க வேண்டும். சால்வென்ட் சிமெண்ட் போட்டபின் சரிசெய்ய நேரமிருக்காது. ஒட்டியதும் தரையோடு திருக வேண்டும். புது மெழுகு அல்லது ரப்பர் வளையம் வைத்து, குழாய் வாயில் திணித்த துணியை எடுத்துவிட்டு, கமோடை நேராக இறக்கி அழுத்த வேண்டும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பழைய மெழுகு வளையத்தைத் திரும்பப் போட விடாதீர்கள். ஐந்தாறு முறை ஃபிளஷ் செய்து பார்த்த பிறகே ஓரம் அடைக்க வேண்டும். அடைக்கும்போதும் பின்பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள். நாளை கசிந்தால் முதலில் உங்களுக்குத்தான் தெரிய வேண்டும், கீழ்வீட்டுக்காரருக்கு அல்ல.

வேலை செய்கிறவருக்குக் கையுறை கொடுங்கள். முடிந்ததும் கை கழுவ சோப்பும், குடிக்க ஒரு டம்ளர் மோரோ காபியோ கொடுங்கள். இது நம் வீட்டுக் கழிவு. அவர் நமக்காகக் கை வைக்கிறார்.

யார் செலவு?

என் கருத்தைச் சொல்லி முடிக்கிறேன். சங்கத்தின் முடிவு பொதுக்குழுவில் எடுக்க வேண்டியது. ஷாஃப்டில் நிற்கும் குழாய் எல்லோருக்கும் பொது. கமோடுக்கு அடியில் இருக்கும் வளையம் அந்த வீட்டுக்காரருடையது. ஆனால் அது உடைந்தால் நஷ்டம் அவருக்கு இல்லை. செலவு ஒருவர் பெயரிலும் நஷ்டம் இன்னொருவர் பெயரிலும் எழுதப்பட்டிருக்கும் கணக்கு எப்போதும் தள்ளிப்போடப்படும். பிராடு தெருத் தொட்டியில் நடந்தது அதுதான். அமோய் கார்டன்ஸில் நடந்ததும் அதுதான்.

ஆகவே இரண்டு யோசனைகள். ஒன்று, பாத்ரூம் டைல்ஸ் மாற்றும் எவரும் ஃபிளாஞ்சையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று நம் ரெனோவேஷன் அனுமதிப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாம். இரண்டு, ஒவ்வொரு வரிசை வீடுகளுக்கும் வருடத்துக்கு ஒரு முறை, ஒரே நாளில், சங்கமே ஒரு பிளம்பரை வைத்து கமோடு ஆட்டத்தையும் டிராப்புகளையும் பார்த்துவிடலாம். செலவைப் பங்கிட்டால் ஒரு வீட்டுக்கு விழுவது சொற்பம்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணம். அதற்கு முன் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கமோடின் இரு பக்கமும் கை வைத்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் போல்ட்டை முறுக்காதீர்கள். கீழ்வீட்டில் போய் சீலிங்கைப் பார்த்துவிட்டு வாருங்கள்.